மார்கழிப் புகையும் மதிய ஷிப்டும்

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் எடை போடும் வேலை எனக்கு. எதை எடை போடுகிறாய் என்று கேட்பவர்களிடம் காற்றை என்று சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள். உண்மையில் காற்றை அல்ல, அதில் மிதக்கும் நுண்துகள்களை. நகரத்தின் சில மொட்டைமாடிகளில் எங்கள் இயந்திரங்கள் இருக்கின்றன. ஒரு பகலும் ஓர் இரவும் அவை காற்றை உறிஞ்சி, வட்டமான ஒரு வெள்ளைத் தாளின் வழியாக வெளியே விடும். தாள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். போகும்போது ஒரு எடை, திரும்பி வந்ததும் ஒரு எடை. கூடியிருப்பது அந்தத் தெருக்காரர்கள் அன்று மூச்சோடு இழுத்தது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய துகள்கள். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஏராளமாகச் சேர்ந்தால்தான் தாளில் ஒரு நிறமாகத் தெரியும்.

பல வருடமாக இதையே செய்வதால் தாளைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் சில தாள்கள் போன மாதிரியே திரும்பும். தராசு சொன்னால்தான் வித்தியாசம் தெரியும். மழை நின்று பனி இறங்க ஆரம்பித்ததும் கறுக்கத் தொடங்கும். மார்கழியும் தையும்தான் மோசம். குளிர்ந்த காற்று தரையோடு தரையாகப் படுத்துக்கொள்கிறது. வண்டிப் புகை, குப்பைப் புகை, அடுப்புப் புகை எதுவும் மேலே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. மாசிக்கு மேல் கொஞ்சம் தெளியும். சித்திரையில் மதியம் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் தாள் வெளிறிப்போகும். ஆடியில் மேல்காற்று மண்ணை வாரி இறைக்கும், கண்ணைத் திறக்க முடியாது. அப்போதுதான் காற்று ரொம்பக் கெட்டுவிட்டது என்று எல்லோரும் என்னிடம் சொல்வார்கள். ஆனால் கண்ணில் விழுவது பெரிய தூசி. அதை எங்கள் இயந்திரம் வாசலிலேயே தடுத்துவிடும். ஆடித் தாள்கள் பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும்.

வீடு சின்ன காஞ்சிபுரத்தில். கீழே வீட்டுக்காரம்மாவின் குடும்பம், இரண்டு தறிகள். மேலே நாங்கள் வாடகைக்கு. மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். கணவருக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். இவர் லாரிக்கு கிளீனராகப் போய், டிரைவராகி, எங்கெங்கோ ஓட்டிவிட்டு, கடைசியில் கம்பெனி பஸ்ஸில் நிலைத்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ். சொந்தக்காரர் ஒரு ஒப்பந்தக்காரர். விடியும் முன் கிளம்பி, வாலாஜாபாத் வழியாக, தென்னேரி தாண்டி, சுங்குவார்சத்திரம் போய் நெடுஞ்சாலையில் ஏறும். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைச் சீட்டில் நானும் உட்கார்ந்து போய், சுங்குவார்சத்திரத்தில் இறங்கி சென்னை பஸ் பிடிப்பேன். ஒப்பந்தக்காரருக்கு இது தெரியும், கண்டுகொள்ளவில்லை. வீட்டில் பேசியதைவிட நாங்கள் அந்தப் பஸ்ஸில் பேசியதுதான் அதிகமாக இருக்கும். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

நான் சொல்ல வந்த வருடம் மழை சீக்கிரமே நின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் ஞாயிறுகளிலேயே நல்ல பனி. சர்ச்சில் பாடல் குழுவில் பின்வரிசையில் நின்று பாடுகிற என் கணவர், அந்த வருடம் உட்கார்ந்தே இருந்தார். கேட்டால் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மப்ளர் கட்டிக்கொண்டார். இந்த ஊரில் மார்கழியில் யார் இருமினாலும் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் கேனைத் தோளில் வைத்து ஒரே மூச்சில் மாடிக்குக் கொண்டுவருகிறவர், படி திரும்பும் இடத்தில் கேனை இறக்கி வைத்துவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் மேலேயிருந்து கேட்டேன்.

"இன்னாங்க, போன்ல அப்படி இன்னா பாத்துக்கினு இருக்கீங்க?"

"ஒன்னுமில்லமா. நாளைக்கு ரூட்டு மாத்திட்டாங்களான்னு பாக்கறன்."

ரூட் மாறவில்லை. அவர் கையில் போன் திரை இருட்டாக இருந்தது.

வேறு யாரையும்விட முதலில் கண்டுபிடித்தது மகள்தான், அதுவும் போனில். கிறிஸ்துமஸ் முடிந்து விடுதிக்குத் திரும்பியிருந்தாள். அப்பாவிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

"மா, அப்பா பேசறப்போ நடுநடுவுல நிறுத்தறாரு, கவனிச்சியா? ஒரு வாக்கியத்த முழுசா முடிக்க மாட்டேங்கறாரு."

"பனி ஒத்துக்கலன்றாரு."

"பனியாவது ஒன்னாவது. நீ காத்து லேப்லதான வேல செய்யற? கூட்டிக்கினு போய் டாக்டர்கிட்ட காட்டுமா."

பொங்கல் முடியட்டும் என்றார் அவர். பொங்கலுக்கு முன் லீவு போட்டால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார் என்றார். அதுவும் உண்மைதான்.

போகி அன்று ஆய்வகத்துக்கு விடுமுறை. ஆனால் நகரத்தில் வருடத்திலேயே அதிகம் கறுக்கும் தாள்களில் போகித் தாள் ஒன்று, அதை உரிய நேரத்தில் மாற்ற ஆள் வேண்டும் என்பதால் எங்களில் சிலரை வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், போகிக்கு எதையும் கொளுத்துவதில்லை. தெருவில் எல்லா வாசலிலும் பழைய பாய், துடைப்பம், கிழிந்த தலையணை எரிந்துகொண்டிருந்தது. டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தக்கூடாது என்று முந்தைய நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கொளுத்தினார்கள். அவர் மப்ளரை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸைக் கிளப்பினார். நான் என் சீட்டில் உட்கார்ந்தேன்.

பஸ் நிறைந்துவிட்டது. மறுநாளிலிருந்து பொங்கல் விடுமுறை என்பதால் அன்று வராதவர்களுக்கு விடுமுறைச் சம்பளம் இல்லை என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். பெரும்பாலும் இளம் பெண்கள். வாலாஜாபாத்தில் ஏறிய ஒரு பெண் இடம் இல்லாமல் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இன்னும் டிரெய்னி என்று பேச்சில் தெரிந்தது. எனக்குப் பின்னால் அவர்களுடைய வேலையை மேற்பார்வை பார்க்கும் லைன் லீடர் உட்கார்ந்திருந்தார்.

வாலாஜாபாத் தாண்டியதும் பனி கெட்டியானது. ஊர்ப் பக்கம் வரும்போதெல்லாம் அது மஞ்சளாக மாறியது; ரப்பர் எரியும் நாற்றம் சன்னல் சாத்தியிருந்தும் உள்ளே வந்தது. தென்னேரி ஏரிக்கரையை நெருங்கியபோது ஒன்றும் தெரியவில்லை. ஏரி எந்தப் பக்கம், ரோடு எந்தப் பக்கம் என்று தெரியாத வெள்ளை. அவர் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பிறகு நாலு பக்கமும் மினுக்கும் விளக்கைப் போட்டு, மூடிக்கிடந்த ஒரு டீக்கடை முன்னால் அகலமாக இருந்த இடத்தில் பஸ்ஸை ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தினார்.

லைன் லீடர் எழுந்து வந்தார். "இன்னாண்ணா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"ரோடு தெரியலபா."

"லைட்டு போட்டுக்கினு மெதுவா போலாமே. முன்னாடி வண்டிலாம் போய்க்கினுதான இருக்குது."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். சொல்லிவைத்தாற்போல் வேறு ஒரு கம்பெனி பஸ் ஊர்ந்துகொண்டே எங்களைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஒவ்வொரு பஸ் தாண்டும்போதும் பின்னால் சத்தம் அதிகமானது. டிரைவருக்குத் தூக்கம் வந்தால் ஓரமாகப் படுத்துக்கொள்ளட்டும், நாங்கள் தள்ளிக்கொண்டே போகிறோம் என்று யாரோ ஒரு பையன் குரல் கொடுத்தான். சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் சிரிக்கவில்லை.

"அண்ணா, நான் இன்னும் பர்மனென்ட் ஆகலண்ணா. இன்னைக்கு ஆப்சென்ட் போட்டா என்ன நிறுத்திடுவாங்க. தயவு செஞ்சு எடுங்கண்ணா."

அவர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. ஒப்பந்தக்காரர். யாரோ பஸ்ஸிலிருந்தே அவருக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். கணவர் திரையைப் பார்த்தார், பேசாமல் போனைப் பின்பக்கமாக என்னிடம் நீட்டினார்.

வேலை விஷயமாக வரும் போனை அவர் ஒருநாளும் என்னிடம் கொடுத்ததில்லை. எழுந்து முன்னால் போய் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. மப்ளர் கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. மூச்சு வெளியே வரும்போது மெல்லிய ஒரு விசில் சத்தம். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார், சொல் வரவில்லை. ரோடு தெரியவில்லை என்பதும் பொய்யில்லை. ஆனால் தெளிவான ரோடாக இருந்தாலும் அவரால் ஓட்டியிருக்க முடியாது.

போனை எடுத்ததும் ஒப்பந்தக்காரர் கத்த ஆரம்பித்தார். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அவருக்கு மூச்சு வாங்குது சார். பேசவே முடியல. பஸ்ஸு நகராது. வேற டிரைவர அனுப்புங்க."

பஸ்ஸில் எல்லோரும் முன்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அவ்வளவு மூச்சுமுட்டலிலும் கோபப்பட முடிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வாலாஜாபாத் பெண் கம்பியை விட்டுவிட்டுத் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து ஒரு நீல நிற இன்ஹேலரை எடுத்துத் துப்பட்டாவால் வாய்ப்பகுதியைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இத குடுங்க. நல்லா குலுக்கிட்டு, அமுக்கறப்போ உள்ள இழுக்கணும். நான் ஸ்கூல் படிக்கறதுலேர்ந்து போடறேன்."

லைன் லீடர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "வேலைக்கு சேர்றப்போ எடுத்த மெடிக்கல் டெஸ்டுல சொல்லல சார். சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

அடுத்தவர் மருந்தை டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்த ஏரிக்கரையில் டாக்டர் யாரும் இல்லை. முதல் தடவை அவருக்கு இழுக்கத் தெரியவில்லை, மருந்து வாயிலேயே புகையாக நின்றது. அந்தப் பெண்ணே முன்னால் வந்து, "மூச்ச முழுசா வெளிய வுடுங்கண்ணா, இப்ப இழுங்க, அப்டியே புடிங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். லைன் லீடர் சன்னல்களைச் சரியாகச் சாத்தச் சொல்லிப் பின்னால் குரல் கொடுத்தார். முன்பு கேலி செய்த பையன் இறங்கிப் போய் ரோட்டில் நின்று, வரும் வண்டிகளுக்கு போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்கள் இறங்கின. விசில் சத்தம் மெலிந்தது. தண்ணீர் கேட்டார். அதுதான் முதல் வார்த்தை.

வெயில் வந்ததும் ஏரி தெரிந்தது. வேறு டிரைவரை ஒருவர் காரில் கொண்டுவந்து சேர்த்தார். பஸ் ஆட்களோடு போனது, கார் எங்களை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குத் திரும்பியது. அந்தப் பெண் இன்ஹேலரைத் திருப்பி வாங்க மறந்துவிட்டாள் என்று எனக்குக் காரில்தான் தெரிந்தது. அன்று புகைமூட்டத்தில் நிறைய பஸ்கள் தாமதமாகத்தான் போயிருக்கின்றன. கம்பெனியில் யாருக்கும் ஆப்சென்ட் போடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினார், மறுபடி ஊதச் சொன்னார்கள். டாக்டர் அம்மா சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றார். டாக்டர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்றேன். என்ன வேலை, எத்தனை காலமாக என்று விசாரித்தார். லாரி, டீசல், ராத்திரிப் பயணம், இப்போது விடியற்காலை பஸ். காற்றுக்குழாய்கள் இறுகியிருக்கின்றன, இது இனிமேல் முழுதாகப் போகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். தினமும் போட ஒரு இன்ஹேலர், அவசரத்துக்கு ஒன்று. மார்கழியும் தையும் விடியற்காலையில் வெளியே போகக்கூடாது.

"எம் பொழப்பே விடியற்காலைலதான் இருக்குது டாக்டர்" என்றார் அவர்.

"அப்ப பொழப்ப மத்தியானத்துக்கு மாத்துங்க" என்றார் டாக்டர், மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்ன?"

"கேக்கணும்னுதான் சொன்னேன்."

"ரோடு தெரியலன்னு சொல்லியிருந்தா போதும். இப்போ நோயாளி டிரைவருன்னு பேர் வந்துடுச்சு."

அந்தப் பேர் வரத்தான் செய்தது. ஒப்பந்தக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் முதல் ஷிப்டுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார். டாக்டர் சான்றிதழ் கேட்டார், வாங்கிக் கொடுத்தோம். தை பாதிக்கு மேல் மதிய ஷிப்டு கொடுத்தார். டிரைவர்கள் மத்தியில் முதல் ஷிப்டுக்குத்தான் மரியாதை. மதிய ஷிப்டு ரிட்டயர் ஆகிறவர்கள் ஓட்டுவது என்று இவரே முன்பு கேலி செய்திருக்கிறார். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். நான் விடியற்காலையில் தனியாக ரயில் பிடித்துச் சென்னை போனேன், அவர் மதியம் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவரையொருவர் முழுதாகப் பார்த்துக்கொண்டோம்.

போகி அன்று நான் போகாததால் தாள்களை வேறொருவர் மாற்றினார். அவற்றை எடை போடும் முறை எனக்கு வந்தபோது இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. எடையைக் குறித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

மாசியில் ஒருநாள், வீட்டுக்குள் வரும்போதே அவர் பேசிக்கொண்டே வந்தார்.

"அந்த வாலாஜாபாத் பொண்ணு இல்ல, அதுக்கு இந்த வாரம் மதிய ஷிப்டு. நம்ம பஸ்ஸுலதான் வந்துச்சு. ஏறும்போதே, அண்ணா இன்னைக்கு போட்டீங்களான்னு கேக்குது. எல்லாரு முன்னாடியும்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"போட்டேன்னு சொன்னேன். நீ போட்டியான்னு கேட்டேன். போட்டேன்னுச்சு."

அவளுடையதற்குப் பதிலாக நாங்கள் வாங்கி வைத்திருந்த புது இன்ஹேலரை மறுநாள் அவளிடம் கொடுத்தார். அவளைப் பற்றி லைன் லீடர் யாரிடமும் சொல்லவில்லையாம். சித்திரையில் அவளே கம்பெனி நர்ஸிடம் சொன்னாள். வேலை போய்விடும் என்று பயந்திருந்தாள். போகவில்லை, பைக்குள் ஒளித்து வைக்காமல் மருந்தைக் கையிலேயே வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னார்களாம். இதையும் அவர்தான் வந்து சொன்னார், தனக்கே ஏதோ நடந்த மாதிரி.

வெயில் ஏற ஏற அவர் தேறினார். வைகாசியில் பாடல் குழுவில் நின்று பாடினார். ஆடியில், சென்னையில் யாரையோ பார்க்க வந்தவர் ஆய்வகத்துக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. தராசு இருக்கும் அறைக்குள் வெளியாட்களை விட முடியாது. கதவு திறந்தால்கூட உள்ளே இருக்கும் ஈரப்பதம் மாறிவிடும். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் வேலை செய்வதைப் பார்த்தார். முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான்."

"ரொம்ப பொறுமை வேணும்" என்றார். பிறகு, "பசிக்குது" என்றார். பக்கத்துக் கடையில் சாப்பிட்டுவிட்டு ஒன்றாக ரயிலில் திரும்பினோம். தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தோம். அவர் மூச்சைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த போகிக்கு மகள் வீட்டில் இருந்தாள். சன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி வைத்தாள். ஆய்வகத்தில் அந்த வருடம் போகி வேலை என் முறை இல்லை; நாங்கள் மூன்று பேரும் விடிந்தும் வெளியே போகவில்லை. கீழே வீட்டுக்காரம்மா முந்தின நாளே வந்து, பழைய துடைப்பம் ஒன்றை மட்டும் சாத்திரத்துக்குக் கொளுத்திவிட்டு அணைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வாசல்களுக்கு அவர் பொறுப்பில்லை. அன்று தறிக்கான நீள நூலைத் தெருவில் பாவாக நீட்ட மாட்டார்கள், கரி விழுந்தால் பட்டு நூல் வீணாகும். அதனால் தறியும் ஓயும். வீடு சத்தமில்லாமல் இருந்தது. மகள் காலையில் அவரை ஆஸ்பத்திரியில் ஊதியது மாதிரி வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த குழாய்க் கருவியில் ஊதச் சொல்லி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். முந்தைய வாரத்தைவிடக் குறைவு, ஆனால் பயப்படுகிற மாதிரி இல்லை என்றாள்.

மதியம் புகை கொஞ்சம் கலைந்தது. அவர் சாப்பிட்டுவிட்டு, மருந்தை இழுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழே வீட்டுக்காரம்மா சாம்பலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கும் வண்டி இருக்குதாபா?" என்று கேட்டார். "இருக்குதுமா, லீவு நாளையிலேர்ந்துதான்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.